பேருந்தா, ஓட்டுநரா, எது முன்னால்?

என் நாத்தனாருக்கு வீட்டில் 'வரிசை' என்று பெயர். துவைத்த துணியைக்கூட ஆள் வாரியாக அடுக்கி முடித்தால்தான் அவளுக்குச் சோறு இறங்கும். அலுவலகத்தில் எங்களுக்கு அடுத்தடுத்த மேசை. அவள் கணினி நிரல் எழுதுவாள், நான் அதில் குறை கண்டுபிடிப்பேன். வீட்டில் சும்மா செய்யும் வேலைக்கு இங்கே சம்பளம் தருகிறார்கள்.

அவள் எழுதியது ஒரு மொழிமாற்றி. பழைய கணினி மொழியில் உள்ள நிரலைப் புதிய மொழிக்கு அதுவே மாற்றிக் கொடுக்கும். நிரலைக் கிளாஸ் கிளாஸாக, அதாவது ஒரு பொருளைப் பற்றிய விவரமெல்லாம் ஒரே கட்டாக, பிரித்து எழுதியிருப்பார்கள். எது முன்னே, எது பின்னே என்று பழைய மொழி கேட்காது. புதியது மேலிருந்து கீழே படிக்கும். தெரியாத கிளாஸின் பெயர் வந்தால் அங்கேயே முரண்டு பிடிக்கும். அதனால் எதற்கு எது தேவை என்று பார்த்து, எதையும் நம்பியிராததை முதலில் வைக்க வேண்டும். இவளுக்கென்றே அளவெடுத்துச் செய்த வேலை.

அவள் கல்யாணமும் இப்படித்தான் மாட்டிக்கொண்டிருந்தது. ஒருவரைப் பிடித்திருந்தது. யார் என்று என்னிடம்கூட வாயைத் திறக்கவில்லை.

"முதல்ல அவர் அவங்க வீட்டுல சொல்லட்டும் அண்ணி. அப்புறம் நான் அண்ணன்கிட்ட சொல்றேன்."

அவரோ இவள் சொன்ன பிறகுதான் சொல்வாராம். இரண்டு வருடம் ஓடிவிட்டது. இப்போது அவருக்கு வெளியூர் மாற்றல். மாதக் கடைசியில் கிளம்புகிறார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அந்த வாரம் ஒரு பேருந்துப் பணிமனையின் நிரலை மாற்றினோம். நூற்று நாற்பது கிளாஸில் இரண்டு மட்டும் மக்கர் செய்தன. 'பேருந்து'க்குள் அதன் ஓட்டுநர் யார் என்று இருந்தது. 'ஓட்டுநர்' உள்ளே அவருடைய பேருந்து எது என்று இருந்தது. எதை முன்னே வைப்பது என்று தெரியாமல் மொழிமாற்றி செக்குமாடு மாதிரி சுற்றியது. இவள் நகத்தைக் கடித்துத் துப்பிக்கொண்டிருந்தாள்.

"ஓட்டுநருக்கு இப்பவே முழு பஸ்ஸும் வேணுமா? பஸ்னு ஒண்ணு இருக்குன்னு தெரிஞ்சா போதாதா?" என்றேன், குறை சொல்லும் பழக்கத்தில்.

என்னையே பார்த்தாள். பிறகு மளமளவென்று தட்டினாள். இப்படிச் சுற்று வந்தால், பேருந்து என்று ஒன்று வரப்போகிறது என முதல் வரியில் பெயரை மட்டும் அறிவித்துவிடுவது. அடுத்து ஓட்டுநரை முழுசாக எழுதுவது, கடைசியில் பேருந்தை முழுசாக எழுதுவது. ஓடவிட்டாள். ஒரு பிழைகூட இல்லை.

அவள் சிரிக்கவில்லை. முதல் வரியில் தனியாக நின்ற அந்தப் பெயரைத் திரையில் விரலால் தொட்டாள். பிறகு போனை எடுத்து, எனக்கும் கேட்கும்படி வைத்துவிட்டு அவள் அண்ணனை, அதாவது என் வீட்டுக்காரரை, அழைத்தாள்.

"அண்ணா, நான் ஒருத்தரைக் கட்டிக்கப் போறேன். இப்போ பேரை மட்டும் சொல்றேன். அவர் வேலை, வீடு, அவங்க அம்மா சம்மதம், எல்லாம் ஞாயித்துக்கிழமை சொல்றேன்."

பெயரைச் சொன்னாள்.

"ஞாயித்துக்கிழமை எதுக்கு?" என்றார் என் வீட்டுக்காரர். "இன்னைக்குச் சாயங்காலமே அவரை வரச் சொல்லு."