குனிஞ்சிக்கினேன், அடி!

போன ஞாயிறு மத்தியானம் படூரில் என் ஃபிளாட்டில் ஒரு கொலைச் சண்டை. சண்டை போட்ட அத்தனை பேரும் நான் ஒருவன்தான்!

பதறாதீர்கள். பகடை உருட்டி, வாயால் கதை சொல்லி ஆடுகிற விளையாட்டு அது. நண்பர்கள் மூன்று பேர், ஆளுக்கு ஒரு பாத்திரம். நான் வில்லாளி. ரஃபி வாள்வீரன். நடுவர், பேய் பிசாசு, பூதம் எல்லாம் சுதாகர். பிரவுசிங் சென்டரில் விதிகளைப் பிரிண்ட் எடுத்து, வாராவாரம் என் ஹாலில்தான் ஆடினோம்.

இப்போது சுதாகர் புனேவில். ரஃபி ஷார்ஜாவில், மாமாவின் துணிக்கடையில். நான்? அதே ஹாலில், மூன்று பேருக்கும் சேர்த்துப் பகடை உருட்டிக்கொண்டு... சிரிக்காதீர்கள், டி.வி. சீரியலுக்கு இது தேவலை.

விஷயத்துக்கு வருகிறேன். நண்பன் ஒரு பூதத்தோடு கட்டிப் புரள்கிறான். நான் தூரத்திலிருந்து அம்பு விடலாமா? விடலாம் — ஆனால் குறி தப்பினால் இன்னொரு முறை உருட்ட வேண்டும். அம்பு நண்பன் மேலேயே பாயலாம். ஒருமுறை ரஃபியின் இடுப்பில் பாய்ந்தது. கையிலிருந்த சமோசாவைக்கூட முடிக்காமல் கேளம்பாக்கம் வீட்டுக்குக் கிளம்பிவிட்டான்!

அடுத்த வாரம் அவனே ஒரு சட்டம் கொண்டுவந்தான். "மச்சான், நீ வுடறதுக்கு முன்னாடி என்னைக் கேளு. நான் 'குனிஞ்சிக்கினேன்'னு சொன்னாதான் வுடணும். தப்புனா செவுத்துக்குப் போவட்டும்." சுதாகரும் ஒத்துக்கொண்டான். அன்றிலிருந்து கேட்காமல் நான் அம்பு விட்டதில்லை.

போன ஞாயிறு ரஃபியின் வீரன் பூதத்தின் பிடியில். இன்னொரு அடி விழுந்தால் செத்தான். காப்பாற்ற என் அம்பு ஒன்றுதான். சரி, கேட்க வேண்டுமே... யாரைக் கேட்பது? ஹாலில் ஃபேன் சத்தம்தான். அவன் சார்பில் நானே சொல்லிப் பார்த்தேன். வாய் வரவில்லை. அழுகை வரும்போல் இருந்தது.

ஐ.எஸ்.டி. கார்டை எடுத்து ஷார்ஜாவுக்குப் போன் போட்டேன். அவனோடு பேசி மாசக்கணக்காகியிருந்தது.

"இன்னா மச்சான், எதுனா பேஜாரா?" பின்னால் கடை இரைச்சல்.

"ஒண்ணுமில்லடா. உன் ஆளைப் பூதம் புடிச்சிருக்கு. எய்யட்டுமா?"

அந்தச் சட்டத்தையே மறந்துவிட்டான் என்று நினைத்தேன். பைத்தியம் என்று நினைத்திருப்பான் என்றும் நினைத்தேன்.

"இரு இரு..." என்றான். யாரையோ காத்திருக்கச் சொல்வது கேட்டது. பிறகு, அத்தனை கஸ்டமர் நடுவில், ஒரு கத்தல் — "குனிஞ்சிக்கினேன் மச்சான், அடி!"

சிரித்தோம். "இங்க தெனம் இதே ரகளதான்டா. எவனும் என்னைக் கேட்டுட்டு அடிக்கறதில்ல" என்றான். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. அதற்குள் யாரோ கூப்பிட்டார்கள். "பட்டுச்சா இல்லியான்னு போன் பண்ணி சொல்லு, இன்னா?" வைத்துவிட்டான்.

தூரத்தில் நின்று உதவப் போகிற நாம், உள்ளே மாட்டியிருப்பவனை ஒரு வார்த்தை கேட்கிறோமா? அட்வைஸை அம்பு மாதிரி விட்டுவிட்டு, அவனுக்கே பட்டதும் கோபித்துக்கொள்கிறோம்.

அது இருக்கட்டும். பட்டதா என்றுதானே கேட்கிறீர்கள்?

பகடை இன்னும் மேஜை மேல்தான் இருக்கிறது. உருட்டிவிட்டால், அப்புறம் எதைச் சாக்கு வைத்து அவனுக்குப் போன் போடுவது?