வலக்கைக்குச் சிவப்பு

நோயாளி சட்டைப் பொத்தானைக் கழற்றும்போதே அவள் உள்ளங்கைகளைத் தேய்த்துச் சூடாக்கத் தொடங்கிவிடுவாள். "சில்லுன்னு கை வச்சா ஆளு நடுங்குவாரு, கோடு கெட்டுப்போகும்" என்பது அவள் கட்சி. எந்தப் புத்தகத்தில் போட்டிருக்கிறது என்று ஈசிஜி அறை நர்ஸான நான் பலமுறை கேட்டுவிட்டேன். காதில் வாங்கினால்தானே.

பயிற்சி டாக்டராக வந்து இரண்டு மாதம்தான் ஆகிறது. அதற்குள் 'முந்நூறு' என்று பேர் வாங்கிவிட்டாள். தாளில் இரண்டு துடிப்புகளுக்கு நடுவே உள்ள பெரிய கட்டங்களை எண்ணி, முந்நூறு, நூற்றைம்பது, நூறு, எழுபத்தைந்து என்று வாய்ப்பாடு போல முணுமுணுத்துத் துடிப்பின் வேகத்தைச் சொல்வாள். மெஷினே தாளின் மேலே முடிவை அச்சடித்துத் தருகிறது. அதைக் கட்டைவிரலால் மூடிக்கொண்டுதான் படிப்பாள். "முதல்ல நான் சொல்றேன் சிஸ்டர், அப்புறம் அது சொல்லட்டும்." பத்துக்கு எட்டு தடவை சரியாகவே சொல்லிவிடுவதால் அந்தத் திமிரைப் பொறுத்துக்கொள்கிறேன்.

போன வாரம் ஒரு வேன் ஓட்டுநர் உடல்தகுதிச் சான்றுக்கு வந்தார். ஏழு மாதமாக வேலையில்லாமல் இருந்தவர். அன்று மதியத்துக்குள் சான்றைக் காட்டினால்தான் புது வேலை. முதல் கோடு தலைகீழாக வந்தது. அபூர்வமான கேஸ் கிடைத்ததில் இவளுக்கோ தலைகால் புரியவில்லை. இவருக்கு இதயம் வலப்பக்கம் இருக்கிறது என்று அறிவித்தாள். அவசரத்தில் இருந்த பெரிய டாக்டரும் தாளை ஒரு பார்வை பார்த்து, ஸ்கேன் எடுக்கும்வரை சான்று கிடையாது என்றுவிட்டார். ஓட்டுநர் பொத்தான்களை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு வெளியேறினார்.

அவள் தாளை விடவில்லை. இதயம் வலப்பக்கம் இருந்தால் நெஞ்சில் எடுக்கும் ஆறு கோடுகளில், ஒன்றிலிருந்து ஆறுக்குப் போகப்போகத் துடிப்பின் உயரம் சிறுக்க வேண்டும். இவருக்கோ ஒழுங்காக வளர்ந்திருந்தது. கட்டிலைப் பார்த்தாள். காலையில் தரை கழுவியவர்கள் அதை எதிர்ச்சுவரோரம் தள்ளிவிட்டிருந்தார்கள். எப்போதும் நோயாளியின் வலப்பக்கம் நின்று வயர் மாட்டுகிறவள், அன்று இடப்பக்கம் நின்றிருக்கிறாள். வலக்கைக்குரிய சிவப்பு வயர், பழக்கத்தில் பக்கத்தில் இருந்த கைக்கே போய்விட்டது. நானும் அங்கேதான் நின்றேன், எனக்கும் உறைக்கவில்லை.

படியிறங்கி ஓடி, வாசலைத் தாண்டிவிட்ட மனிதரைக் கையோடு கூட்டிவந்தாள். மறுபடி எடுத்ததில் எல்லாம் சரியாக இருந்தது. மெஷின் மேல் பழியைப் போட்டுவிடு என்று நானே கண்ஜாடை காட்டினேன். அவள் பெரிய டாக்டர் முன் நிமிர்ந்து நின்றாள். "கோளாறு இவர்கிட்டயும் இல்ல, மெஷின்லயும் இல்ல சார். வயரை மாத்தி மாட்டினது நான்தான்."

சான்றில் கையெழுத்து விழுந்தது. ஓட்டுநர் அதை இரண்டு முறை படித்துவிட்டு ஓட்டமும் நடையுமாகப் போனார். பழைய தாளைக் கிழித்துப் போடச் சொன்னார் பெரிய டாக்டர். அவள் கத்தரிக்கோலை எடுத்து, தாளின் மூலையிலிருந்த ஓட்டுநர் பெயரை மட்டும் வெட்டி எறிந்தாள். வெட்டிய இடத்துக்குக் கீழே தன் பெயரைக் கொட்டை எழுத்தில் எழுதி, அடுத்து வரும் பயிற்சி டாக்டர்கள் கண்ணில் படும்படி மெஷினுக்கு நேர் மேலே சுவரில் ஒட்டினாள்.