வாசலில் தலைகீழாகத் தொங்கிய கற்றாழை

அந்த நார் அறுபடவே இல்லை. முன்கதவுக்கு மேலே காய்ந்து தொங்கிய செடியைக் குப்பையில் போடுவதற்காக அவிழ்த்த அண்ணி, அதன் இலை ஒன்றைச் சும்மா கிழித்துப் பார்த்தார். இலை பொடிந்து உதிரவில்லை. வெளுத்த நூல் நூலாகப் பிரிந்து வந்தது. நான்கைந்து நூலைச் சேர்த்து முறுக்கி ஒரு முனையைத் தன் விரலில் சுற்றிக்கொண்டு, மறு முனையை என்னிடம் நீட்டினார். இருவரும் எதிரெதிராக நின்று இழுத்தோம். என் விரலில் சிவப்பாக ஒரு கோடு விழுந்தது. நாருக்கு ஒன்றும் ஆகவில்லை.

"பாப்பா, இது கத்தாழையே இல்ல லா," என்றார் அண்ணி. "கத்தாழ காஞ்சா வெறுந் தோலுதான் மிஞ்சும். இதுல மாட்டக் கட்டலாம் போல இருக்கு."

அவர் முகத்தில் அப்போது வந்த வெளிச்சம் இன்றும் எனக்கு நினைவிருக்கிறது. ஒரு வாரமாக அந்த வீட்டில் யாரும் சிரிக்கவில்லை.

எழுபதுகளின் பிற்பகுதி அது. மலேசியாவில், ஈப்போவுக்கு வெளியே நாங்கள் பிறந்து வளர்ந்த தோட்டத்தை விற்றுவிட்டார்கள். ரப்பர் பால்மரங்களை வேரோடு தள்ளிவிட்டு, அதே நிலத்தின் ஒரு பகுதியில் வரிசை வீடுகள் கொண்ட சிறிய தாமான் ஒன்றைக் கட்டினார்கள். தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் அடுத்தடுத்து இருந்த குடும்பங்களில் பல, தாமானிலும் ஒரே வரிசையில் வீடு வாங்கிக் குடிவந்தன. எங்கள் வீட்டில் நான்கு பேர். தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்கும் மண்டோராக இருந்து ஓய்வு பெற்ற அப்பா. காம்பாரில் வேலை செய்து வாரக் கடைசியில் மட்டும் வரும் அண்ணன். ஈப்போவில் ஒரு மின்சாதனத் தொழிற்சாலைக்குப் போய்வந்த அண்ணி. பள்ளியை முடித்துவிட்டு எழுதுபொருள் கடையில் விற்பனையாளராகச் சேர்ந்திருந்த நான். அம்மா அந்த வீட்டைப் பார்க்காமலே காலமாகியிருந்தார்.

அண்ணி சிலிம் ரிவர் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவர். பொதுக் குழாய், பொதுக் குளியலறை, சுவருக்கு அந்தப் பக்கம் பேசினால் இந்தப் பக்கம் கேட்கும் வீடு, இதுதான் அவர் அதுவரை கண்டது. புது வீட்டில் அவருக்கு மிகவும் பிடித்தது பின்கட்டில் இருந்த தண்ணீர்க் குழாய். குடிவந்த முதல் நாள் அதைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார். "நம்ம குழா, பாப்பா. யாரும் வாளி வெச்சு இடம் புடிக்க மாட்டாங்க," என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

குடிவந்தபோது எல்லா வீட்டு வாசலிலும் கண்ணேறு படாமலிருக்கக் கற்றாழை கட்டினார்கள். எங்கள் மக்களிடம் இன்றும் உள்ள வழக்கம் அது. செடியை வேரோடு பிடுங்கி, மஞ்சளும் குங்குமமும் வைத்து, வேர் மேலேயும் தலை கீழேயுமாக நிலைக்கு மேல் தொங்கவிடுவார்கள். மண்ணும் தண்ணீரும் இல்லாமலே அது பசுமையாக இருக்கும். இருந்தால் வீடு நன்றாக இருக்கிறது என்று பொருள். வாடினால் என்ன பொருள் என்று யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை.

செடிகளைக் கொண்டுவந்தவர் அப்பா. தாமானை ஒட்டி, ஆளில்லாமல் கிடந்தது பழைய துரை பங்களா. துரையின் மனைவி வைத்த தோட்டத்தில் லாலாங் புல் மண்டியிருந்தாலும், சரளைக்கல் பாத்திகளில் முள்ளும் சதையுமான செடிகள் பிடிவாதமாக வளர்ந்துகொண்டிருந்தன. அங்கே மின்கம்பம் போல் உயர்ந்திருந்த ஒரு பூந்தண்டு காற்றில் சாய்ந்து விழுந்தது. அதன் கிளையெங்கும் கைக்கடக்கமான குட்டிச் செடிகள் முளைத்திருந்தன. வாசலில் கட்டுவதற்கென்றே அளவெடுத்துச் செய்தாற்போல் இருந்தன. அப்பா கோணிப்பையில் அள்ளிவந்து, பழைய மண்டோருக்குரிய மிடுக்கோடு வீட்டுக்கொன்றாகக் கொடுத்தார்.

எல்லாம் காய்ந்தன. ஒரு வீடும் தப்பவில்லை. முதலில் நுனி பழுத்தது. பிறகு துத்தநாகக் கூரையின் சூட்டில் வைக்கோல் நிறமானது. எதிர்வீட்டு லாரிக்கார அண்ணன் வாசலில் நின்று, "மண்டோரே, ஒங்க வீட்ல தொங்குறது கத்தாழையா, தொடப்பமா?" என்று கேட்டார். அவர் வீட்டிலும் அதேதான் தொங்கியது. கேலி செய்தவருக்கே உள்ளூரப் பயம்.

அப்பா கேலியைப் பொருட்படுத்தவில்லை. செடி வாடியதைத்தான் பொருட்படுத்தினார். "பால்மரத்த வெட்டிப் போட்ட மண்ணு இது. நமக்குச் சோறு போட்ட மரம். அது மேல வீடு கட்டிப் படுத்தா சும்மா விடுமா?" என்றார். அந்த வாரமே ஒரு வீட்டுத் தரகரை வரச்சொல்லிப் பேசினார். வீட்டை விற்றுவிட்டு எல்லோரும் பீடோரில் சித்தப்பா வீட்டோடு போய் இருப்பது என்று முடிவாயிற்று. அண்ணன் வழக்கம்போல் அப்பாவுக்கு எதிரே வாய் திறக்கவில்லை. பீடோரிலிருந்து அண்ணி தினமும் ஈப்போ தொழிற்சாலைக்கு வரமுடியாது. வேலையும் போகும், வீடும் போகும். மறுபடி இன்னொருவர் சமையற்கட்டில் ஓரமாக நிற்கவேண்டும்.

அந்த நார் கைக்கு வந்தது இப்படியான ஒரு வாரத்தின் முடிவில்தான்.

அண்ணி நேராக அப்பாவிடம் போனார். கண்ணேறு பொய் என்று சொல்லவில்லை. மரத்தின் சாபம் பொய் என்றும் சொல்லவில்லை. "மாமா, நம்ம கட்டுனது வேற செடி. வேற செடியக் கட்டிட்டு மண்ணு மேல பழி போடலாமா? நெசக் கத்தாழ ஒண்ணு கட்டுவோம். தைப்பூசத்துக்குள்ள அது வாடுனா நானே சட்டி பானையக் கட்டுறேன்," என்றார்.

அப்பா வெறுமையாகக் கிடந்த வாசல் நிலையை அண்ணாந்து பார்த்தார். பிறகு, "மார்க்கெட்டுல வாங்கிட்டு வந்து கட்டக்கூடாது. வேற மண்ணுச் செடி வேற மண்ணு ராசிய காட்டும். இந்தத் தோட்டத்து மண்ணுல மொளச்சது வாழணும். அப்பத்தான் ஒத்துக்குவேன்," என்றார்.

மறு ஞாயிறு நானும் அண்ணியும் பங்களாத் தோட்டத்துக்குப் போனோம். பாத்திகளைப் பார்த்ததும் எனக்கு நம்பிக்கை போய்விட்டது. எல்லாம் ஒரே குடும்பம் போல் வட்டமாக இலை விரித்து உட்கார்ந்திருந்தன. எதுவும் அப்போது பூவில் இல்லை. இடுப்புயரச் சாம்பல் நிறச் செடியை முதலில் பார்த்தோம். அதன் இலை நுனியில் கறுத்த ஊசி ஒன்று இருந்தது. இலையின் முதுகில், முன்பு அதோடு ஒட்டிச் சுருண்டிருந்த இலையின் முள்வரிசை அச்சு வைத்தாற்போல் பதிந்திருந்தது. அண்ணி வளைத்தார், ஒடியவில்லை. கத்தியால் வெட்டினால் உள்ளே நார். சாறு பட்ட இடம் முழங்கை வரை அரிக்கத் தொடங்கியது. "இவன்தான் அந்தக் குட்டிகளோட அப்பன்," என்று சொறிந்துகொண்டே சொன்னார் அண்ணி.

அடுத்தது எங்களை ஏறக்குறைய ஏமாற்றிவிட்டது. வெளிர்பச்சை, வழவழப்பான இலை, முள்ளே இல்லை. அண்ணி மகிழ்ந்துபோய் வேரைத் தோண்டத் தொடங்கினார். எனக்கு எதையும் ஒருமுறைக்கு இருமுறை சுற்றிப் பார்க்கும் குணம். பக்கத்தில் அதே சாதிச் செடி ஒன்று செத்துக் கிடந்தது. அதன் நட்ட நடுவிலிருந்து, குருத்து இருக்கவேண்டிய இடத்திலிருந்தே, காய்ந்த பூந்தண்டு கிளம்பியிருந்தது. பூத்ததும் செடி முடிந்துவிட்டது; கற்றாழை பூத்தால் சாகாது. அப்பா குட்டிகளைப் பொறுக்கிய பெரிய செடியும் தண்டின் அடியில் அப்படியே செத்துத்தான் கிடந்தது. "அண்ணி, இதுவும் அந்தக் கூட்டந்தான்," என்றேன். அவர் கத்தியைக் கீழே வைத்துவிட்டு இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். "ஆமா லா. மொகத்தப் பாத்து மயங்கிட்டேன்."

அதற்குப் பிறகு நாங்கள் இலையைப் பார்க்கவில்லை. பழைய பூந்தண்டு எங்கிருந்து வந்தது என்று தேடினோம். லாலாங் புல்லை விலக்கி விலக்கிப் போனபோது, பங்களாவின் பின்சுவர் ஓரத்தில், வெள்ளைப் புள்ளி விழுந்த குட்டையான செடிக் கூட்டம் ஒன்று இருந்தது. காய்ந்த தண்டுகள் இலைகளுக்கு இடையே பக்கவாட்டில் நின்றன. ஒன்றல்ல, பழையதும் புதியதுமாகப் பல. நடுவே குருத்து பச்சையாக இருந்தது. பலமுறை பூத்தும் செடி சாகவில்லை. அண்ணி ஓர் இலையைப் பிடித்து மடக்கினார். டக்கென்று ஒடிந்தது. நார் இல்லை. ஓரத்தில் மஞ்சள் நீர் கசிந்தது. உள்ளே கண்ணாடிபோல் சதை. மஞ்சள் நீரை நாக்கில் வைத்து அவர் முகத்தைச் சுளித்த சுளிப்பில் எனக்கே கசந்தது. அப்படியே சிரிக்கவும் தொடங்கினார்.

அதை வேரோடு எடுத்துவந்து, அப்பாவின் கண்ணெதிரே மஞ்சள் பூசி, கறுப்புக் கயிற்றில் கட்டினோம். பிறகு காத்திருந்தோம். அந்த ஆண்டு நாட்குறிப்பில் நான் வேறெதையும் உருப்படியாக எழுதவில்லை. செடி எப்படி இருக்கிறது என்றுதான் எழுதியிருக்கிறேன். வெளியிலைகள் மெலிந்தன. மழை ஓய்ந்து வெயில் ஏறியதும் பழுப்புச் சிவப்பாக மாறின. பக்கத்து வீட்டு அக்கா உச்சுக் கொட்டிவிட்டுப் போனார். அண்ணி வேலை முடிந்து வந்ததும் காலணியைக் கழற்றுமுன் ஓர் இலையைத் தொட்டுப் பார்ப்பார்.  கொஞ்சம் தண்ணீர் தெளிக்கலாமா என்று ஒருநாள் கேட்டேன். "வேணாம் பாப்பா. தெளிச்சு வாழ்ந்தா அது நாம செஞ்சது. தானா வாழட்டும்," என்றார்.

தானாகவே வாழ்ந்தது. வெளியிலைகள் தங்கள் நீரை உள்ளே கொடுத்துவிட்டுச் சுருங்க, நடுக்குருத்து பசுமையாகத் தடித்தது. கீழ்நோக்கியிருந்த இலை நுனிகள் மெல்ல மேல்நோக்கி வளைந்தன. தைப்பூசத்துக்குக் காவடிக்காரர்கள் விரதம் இருந்த நாட்களில், இலைகளுக்குப் பக்கவாட்டில் பென்சில் போல ஒரு தண்டு கீழே இறங்கி, கொக்கியாக வளைந்து, வானத்தைப் பார்த்து நிமிர்ந்தது. நுனியில் செம்மஞ்சள் மொட்டுகள்.

அப்பா முக்காலி போட்டு ஏறினார். மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு மொட்டுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். இறங்கினார். தெருவோரம் போய், ஊரே கேட்கும்படி, "டேய் லாரி! வந்து பாருடா. தொடப்பம் பூ பூக்குமா?" என்றார்.

அந்த ஞாயிறு எங்கள் வரிசை வீடுகள் அனைத்தும் பங்களாத் தோட்டத்துக்குக் கிளம்பின. முன்னால் அண்ணி, பின்னால் பாராங் கத்தியோடு அப்பா, அதற்குப் பின்னால் கூடையும் சாக்குமாக ஊர். "அது இல்ல மாமா, அது குத்தும். இது, இது," என்று அண்ணி கைகாட்ட, மண்டோராக இருந்த காலமெல்லாம் பிறருக்குக் கைகாட்டியே பழகிய அப்பா, குனிந்து குனிந்து தோண்டினார். லாரிக்கார அண்ணன் இரண்டு செடி எடுத்துக்கொண்டார். ஒன்று வீட்டுக்கு, இன்னொன்று லாரிக்கு.

இன்று அந்தப் பங்களா இல்லை. அங்கே கடைவீடுகள் நிற்கின்றன. எங்கள் வீட்டுக்கு மாடி ஏறிவிட்டது. அண்ணி பேரன் பேத்திகளை அதட்டிக்கொண்டு அதே வீட்டில்தான் இருக்கிறார். செடி நாற்றங்கால்களுக்கு என்னைக் கூட்டிப்போனால், பெயர்ப்பலகையைப் பார்க்காமல் இலையை மடக்கிப் பார்த்துக் கடைக்காரரிடம் திட்டு வாங்குவார்.

அந்த ஆண்டு தைப்பூசம் முடிந்த வாரம் தரகர் மறுபடி வந்தார். வாங்குவதற்கு ஆள் கிடைத்துவிட்டது என்றார். அப்பா பத்திரிகையிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை.

"என்னக் கேட்டா? வீட்டுக்காரி வேலைக்குப் போயிருக்கா. அஞ்சு மணிக்கு மேல வந்து அவளக் கேளு."

அவர் ஐந்து மணிக்கு மேல் உண்மையாகவே வந்தார். அப்போதுதான் பேருந்திலிருந்து இறங்கி வந்த அண்ணிக்கு ஒன்றும் புரியவில்லை. அப்பா சொன்னதை நான் காதோடு சொன்னேன். அண்ணி ஒரு கணம் அப்பாவின் முதுகைப் பார்த்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு தரகர் பக்கம் திரும்பி, நல்ல சத்தமாக, "இந்த வீட்டுக்காரி விக்க மாட்டாளாம் அண்ணே. வந்தது வந்தீங்க, ஒக்காருங்க, தேத்தண்ணி குடிச்சிட்டுப் போலாம்," என்று சொல்லிவிட்டு, குழாயைத் திறக்கப் பின்கட்டுக்குப் போனார்.