காலிக் குடலில் மிச்சம் இருப்பது

சில நாட்களாக ஒரு தொல்லை. கழிவறைக்குப் போய்விட்டு வந்த பிறகும் உள்ளே ஏதோ மிச்சம் இருப்பது போலவே இருக்கிறது. இன்று காலை கடலூரில் டாக்டரிடம் போனேன்.

டெஸ்ட்டெல்லாம் பார்த்துவிட்டு, "குடல் காலியாத்தாம்மா இருக்கு. இதுக்குப் பேரு டெனெஸ்மஸ்" என்றார். இழுத்து முக்குவது என்ற பொருளில் கிரேக்கத்திலிருந்து வந்த சொல்லாம். உள்ளே ஒன்றும் இல்லை, இருப்பதாகக் குடல் நம்புகிறது, அவ்வளவுதான்.

சிதம்பரம் பஸ்ஸில் பக்கத்தில் இருந்த பெண்ணிடம் இதைச் சொன்னேன்.

"தொக்கம்க்கா அது. தின்னது உள்ள ஒட்டிக்கிச்சின்னா அப்படித்தான் இருக்கும். எனக்கும் இருந்துச்சி. குறிஞ்சிப்பாடியில தொக்கம் எடுக்குற அம்மாகிட்ட போனேன். வயித்த நீவி, தொண்டையில ஊதி எடுத்து, வெத்தலையில வெச்சிக் காட்டுனாங்க."

"என்ன வந்துச்சி?"

"கறித்துண்டு."

ஜன்னலைப் பார்த்தபடியே தொடர்ந்தார். "நான் பொறந்ததுலேருந்து சைவம்க்கா. எங்க வூட்ல முட்டகூட வாங்க மாட்டோம்."

ஊதுகிறவர்கள் அதை முன்பே வாயில் அடக்கி வைத்திருப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். அதைச் சொல்ல மனம் வரவில்லை.

"அப்புறம் சரியாப் போச்சா?"

"எப்படிக்கா போவும்? வெளிய வந்தது கறிதானே. அதத் தின்ன ஏதோ ஒண்ணு இன்னும் உள்ளதான இருக்குது."

ஆலப்பாக்கத்தில் சிரித்துக்கொண்டே இறங்கிப் போய்விட்டார்.

வீட்டுக்கு வந்து சாப்பிட்டு முடித்து, பசியே இல்லாமல் இன்னொரு தட்டு சோறு போட்டுக்கொண்டேன். இது யாருக்கு என்று டாக்டரிடம் கேட்க முடியாது. நீங்களாவது சொல்லுங்கள்.