முதல் கொக்கியில் நின்ற கதவு

டோல்கேட்டில் தகரக் கொட்டகை போட்டு, வண்டிகளுக்கு எலக்ட்ரிக் வேலை பார்க்க ஆரம்பித்து அப்போது மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. அதற்கு முன் ஒன்பது வருடம் இன்னொருவரின் பட்டறையில் கை கட்டி வேலை பார்த்தவன் நான். எண்ணூர் சாலையில் இருந்த ஒரு தொழிற்சாலையின் எட்டு லாரிகளும் மேனேஜருடைய காரும் என் கைக்கு வந்த பிறகுதான் தைரியமாக வெளியே வந்தேன். அந்தக் கம்பெனி போனால் கொட்டகைக்குப் பூட்டுப் போட வேண்டியதுதான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு நான் நடந்துகொண்டதற்கு இது சமாதானம் ஆகாது, இருந்தாலும் சொல்லிவிடுகிறேன்.

கார், கம்பெனியில் முன்பிருந்த வெள்ளைக்கார துரை ஊருக்குப் போகும்போது கம்பெனிக்கு விட்டுப்போனது. கறுப்பு நிறம், கப்பல் மாதிரி நீளம். பின் சீட்டுக்கு மேலே இரண்டு விளக்கு, கால் வைக்கும் படிக்கு ஒன்று. கதவைத் திறந்தால் மூன்றும் எரியும், சாத்தினால் அணையும். ஜன்னலுக்குத் திரைகூட உண்டு. அதை ஓட்டியவர் ராயபுரத்துக்காரர், வேதத்தில் சேர்ந்த கிறிஸ்தவர், என்னைவிடப் பதினைந்து வயது பெரியவர். துரையிடமே தொழில் பழகினவர். நான் அவரை அண்ணாத்தே என்பேன், அவர் என்னை நைனா என்பார்.

கோளாறு இதுதான். வாரத்தில் மூன்று நாள், காலையில் சாவியைத் திருப்பினால் காரில் சத்தமே வராது. பேட்டரி செத்துக் கிடக்கும். புது பேட்டரி மாற்றியும் அதே கதை. சாயங்காலம் கம்பெனி ஷெட்டில் விட்டுக் கதவை மூடிவிட்டால் காலை வரை கார் அங்கேயேதான் நிற்கிறது, அப்புறம் எப்படி பேட்டரி இறங்கும்? மேனேஜர் ஒரு கணக்குப் போட்டார். டிரைவரும் வாட்ச்மேனும் ஒரே கோயில்காரர்கள். இருவரும் சேர்ந்து, ஓடிய தூரம் தெரியாமலிருக்க மீட்டர் கேபிளைக் கழற்றிவிட்டு, ராத்திரியில் காரைக் கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் வாடகைக்கு ஓட்டுகிறார்கள். ஹெட்லைட் போட்டு ஓட்டியதால்தான் பேட்டரி காலி என்பது அவர் முடிவு.

ஒரு வியாழக்கிழமை காலை எனக்கு ஆள் அனுப்பினார். நான் கம்பெனி ஷெட்டில் போய் நின்றதும், டிரைவரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டே சொன்னார்:

“மத்தியானம் பன்னிரண்டு மணி வரைக்கும் டைம். வண்டியில கோளாறு இருக்கான்னு பாரு. இருந்தா காட்டு. இல்லன்னா கோளாறு ஆளுகிட்டதான். போலீஸ்ல ஒப்படைச்சிடறேன்.”

அவர் உள்ளே போனதும் டிரைவர் என் அருகே வந்தார். காக்கிச் சட்டையின் கழுத்துப் பட்டன் வரை போட்டிருந்தார், முகம் வெளுத்திருந்தது.

“நைனா, பெரிய பொண்ணுக்குக் கோயில்ல ரெண்டு ஓலை படிச்சாச்சு. வர்ற ஞாயித்துக்கெயம மூணாவது. அதுக்குள்ள திருட்டுப் பட்டம் கட்டி டேசனாண்ட இஸ்துகினு போனாங்கன்னா, புள்ள வூட்டுக்காரன் எய்ந்து நின்னு வோணான்னுடுவான்.”

அவர்கள் வழக்கம் அது. கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு பூசையில் பெண், பிள்ளை பெயரைச் சாமியார் வாசிப்பார். ஆட்சேபணை உள்ளவர்கள் சொல்லலாம். மூன்றாவது ஓலை படித்து முடிந்தால்தான் பெண்ணைப் பெற்றவனுக்கு மூச்சு வரும்.

“நீ இன்னாத்துக்கு பயப்படறே அண்ணாத்தே? மெஷின் பொய் சொல்லாது,” என்றேன். வாய்தான் அப்படிச் சொன்னது.

பேட்டரியின் ஒரு ஒயரைக் கழற்றி, அந்த இடைவெளியில் ஒரு சின்ன பல்பை மாட்டினேன். எல்லாம் அணைத்துக் கிடக்கும் காரில் எங்காவது கரண்டு கசிந்தால் இந்த பல்பு எரிந்து காட்டிக்கொடுக்கும். நான்கு கதவையும் என் கையாலேயே டப்பு டப்பென்று சாத்திவிட்டு வந்து பார்த்தேன். பல்பு இருட்டாக இருந்தது.

ஒயர்களை ஆட்டினேன். ஹாரனைத் தட்டினேன். டைனமோவுக்குக் கரண்டு திரும்பாமல் தடுக்கும் கட்-அவுட்டைத் திறந்து உப்புத் தேய்த்த மாதிரி பூத்திருந்ததைச் சுரண்டினேன். கடல் காற்று அந்தப் பக்கம் எந்த இரும்பையும் விட்டுவைக்காது. அங்கேதான் இருக்கும் என்று நம்பி பல்பைப் பார்த்தேன், இல்லை. டாஷ்போர்டுக்கு அடியில் மல்லாந்து படுத்து ஒவ்வொரு ஒயராகத் தடவினேன். வெளியே வந்து, கதவை அறைந்து சாத்திவிட்டுப் பார்த்தேன், இல்லை. பத்தரை ஆயிற்று, பதினொன்றும் ஆயிற்று. ஷெட்டின் தகரக் கூரை வெக்கையில் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியாத கோபம். ஒரு நிமிஷம், அவர் நிஜமாகவே வாடகைக்கு ஓட்டியிருப்பாரோ என்றுகூட நினைத்தேன். பெண் கல்யாணம் வைத்திருப்பவன் எதுவும் செய்வான் என்று என் புத்தி சொன்னது. அந்த நினைப்புக்காக இன்றைக்கும் என்னை நானே திட்டிக்கொள்வதுண்டு.

பதினொன்றரைக்கு மேனேஜர் வந்தார்.

“என்னப்பா?”

“இன்னும் ஒண்ணும் தெரியல சார்.”

“பின் சீட்ல என் ஃபைல் இருக்கு, எடு,” என்றார் டிரைவரிடம்.

நான் பானெட்டுக்குள் குனிந்திருந்தேன். டிரைவர் பின் கதவைத் திறந்தார், பல்பு எரிந்தது. கதவு திறந்தால் விளக்கு எரியும், பல்பும் எரியும். அதில் அதிசயம் இல்லை. கதவு சாத்தும் சத்தம், கிளிக்கென்று, மெதுவாகக் கேட்டது. பல்பு அணையவில்லை.

“அண்ணாத்தே, கதவ சாத்திட்டியா?”

“சாத்திட்டேம்பா.”

ஓடிப்போய்ப் பார்த்தேன். கதவு சாத்தித்தான் இருந்தது, யார் பார்த்தாலும் அப்படித்தான் சொல்வார்கள். கையை வைத்து ஓர் அழுத்து அழுத்தினேன். இன்னொரு கிளிக் கேட்டது. பானெட்டுக்கு ஓடினால் பல்பு அணைந்திருந்தது. கதவின் பூட்டுக்கு இரண்டு கொக்கி. முதல் கொக்கியிலேயே கதவு நின்றுவிடும், ஆடாது. இரண்டாவதில்தான் முழுக்க உட்காரும். அவர் சாத்தினால் முதல் கொக்கி. மெக்கானிக் புத்தியில் நான் அறைந்து சாத்தினால் இரண்டாவது. காலையிலிருந்து நானே அறைந்து அறைந்து கோளாறை மறைத்திருக்கிறேன். திரை போட்ட காருக்குள், மூடிய ஷெட்டுக்குள், மூன்று விளக்கும் விடிய விடிய எரிந்தது யார் கண்ணுக்குத் தெரியும்?

எனக்கு வந்த சந்தோஷத்துக்கு அளவில்லை. கதவை மறுபடி திறந்து, விளக்கை அணைக்கும் ஸ்விட்சைப் பார்க்கக் குனிந்தேன். கதவுத் தூணில் சுண்டுவிரல் நுனி அளவுக்கு ஒரு பித்தளைக் குமிழ். கதவு வந்து அதை அமுக்கினால் விளக்கு அணையும். அந்தக் குமிழின் தலையில் அரம் ராவிய கோடுகள் தெரிந்தன.

அவை என் அரத்தின் கோடுகள்.

இரண்டு மாதத்துக்கு முன் பழைய ஸ்விட்ச் துருப்பிடித்துப் போனது. அதே மாதிரி கிடைக்கவில்லை, வேறு வண்டியுடையதை மாட்டினேன். தலை நீளமாக இருந்ததால் கதவு உட்காரவில்லை. அளவு பார்க்கச் சோம்பல்பட்டு, கண்ணளவில் ராவிவிட்டேன். ஒரு நூல் அதிகம் ராவியிருக்கிறேன். அதனால் முதல் கொக்கியில் நிற்கும் கதவு அதை எட்டவில்லை. இருபது வருடமாக அவர் அப்படித்தான் சாத்தினார், விளக்கும் அணைந்துகொண்டுதான் இருந்தது. நான் கை வைத்த பிறகுதான் இந்தப் பாடு.

“என்ன?” என்றார் மேனேஜர், என் தலைக்கு மேலே.

“பின் கதவு முதல் கொக்கியிலயே நின்னுடுது சார். முழுசா மூடல. அதனால உள்ள லைட் அணையல. ராத்திரி பூரா எரிஞ்சி பேட்டரி எறங்கிடுது.”

“அப்ப வண்டி வெளிய போகல?”

“போகல சார். சத்தியமா போகல.”

டிரைவர் நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டார். மேனேஜர் அவர் பக்கம் திரும்பினார்.

“சரி, திருடல. ஆனா கதவைச் சாத்தக்கூடத் தெரியாதவன் எனக்கு எதுக்கு? ரெண்டு பேட்டரி வீணாப்போச்சு.”

“தொர சொல்லிக் குடுத்தது சார், கதவ அறையக் கூடாதுன்னு. இத்தினி வருசமா அப்டித்தான்...”

“துரை போயாச்சு. நீயும் நாளைலேர்ந்து வரவேண்டாம்.”

பேச வேண்டியவன் நான். ‘அவர் மேல் தப்பில்லை சார், நான் ராவினது’ என்று நான்கு வார்த்தை சொல்ல வேண்டும், அவ்வளவுதான். வாயில் கொழுக்கட்டையா வைத்திருந்தேன்? இல்லை. எட்டு லாரியை வைத்திருந்தேன். மேனேஜர் படியேறி உள்ளே போகிற வரைக்கும் நேரம் இருந்தது. போகிறவரின் முதுகைப் பார்த்துக்கொண்டே நின்றேன். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள். பாவம் என்னிடத்தில்தான் இருந்தது, அது எனக்கு நன்றாகவே தெரியும். டிரைவர் தொப்பியைக் கொடுக்க ஆபீசுக்குப் போயிருந்தபோது, குமிழுக்குப் பின்னால் ஒரு வாஷர் போட்டேன். ஐந்து நிமிஷ வேலை. பிறகு எப்படிச் சாத்தினாலும் விளக்கு அணைந்தது.

ஞாயிற்றுக்கிழமை மூன்றாவது ஓலை படித்தார்கள். யாரும் எழுந்து நிற்கவில்லை.

அதற்கடுத்த வாரம், டிரைவர் கல்யாணப் பத்திரிகையோடு என் கொட்டகைக்கு வந்தார். கூடவே சம்பந்தி. நான் கையைத் துணியில் துடைத்துக்கொண்டு எழுந்தேன். டிரைவரின் தோளில் சாக்கு உராய்ந்த சிராய்ப்பு சிவப்பாகத் தெரிந்தது.

“இப்போ எங்க அண்ணாத்தே வேலை?” என்று கேட்டேன்.

“கொருக்குப்பேட்டை கூட்ஸ் ஷெட்டாண்ட மூட்ட தூக்கிகினு கீறேன் நைனா.” சொல்லிவிட்டு, என் கையைப் பிடித்துக்கொண்டு சம்பந்தியின் பக்கம் திரும்பினார். “நான் சொன்னேனே, அது இவருதான். இன்னிக்கு நான் இப்டி நிக்கிறேன்னா, எல்லாம் இவராலதான்.”

சம்பந்தி என்னைப் பார்த்துக் கும்பிட்டார். நானும் கும்பிட்டேன்.