கடலூர் வேலையும் சிதம்பரம் பஸ்ஸும்

கடலூரில் ஒரு மருத்துவமனையில் எனக்கு நிரந்தர நர்ஸ் வேலை கிடைத்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. அப்போதுதான் சிதம்பரத்தில் உள்ள ஒரு மருத்துவமனையிலிருந்து அழைப்பு வந்தது. பச்சிளங்குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவு. படிக்கும்போதே நான் ஏங்கிய வேலை. ஆனால் ஒப்பந்தம்தான், வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும். அன்று மாலைக்குள் பதில் கேட்டார்கள்.

துபாயிலிருந்த கணவர் போனில், "நிலையான வேலைய யாராச்சும் விடுவாங்களா? வேணாம்னு சொல்லிடு" என்றார். ஏங்கிய வேலையைப் போனில் மறுக்க மனம் வரவில்லை; நேரில் சொல்லிவிட்டு வரலாம் என்று பஸ் ஏறினேன்.

பக்கத்தில் ஒரு இளம்பெண் குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். திடீரென்று, "அக்கா, புள்ள மூச்சு விடல" என்றாள். பால் புரையேறி, குழந்தையின் உதடு நீலம் பாரித்திருந்தது. வாங்கி முன்கையில் குப்புறக் கிடத்தி, முதுகில் தட்டினேன். சத்தமே இல்லை. டிரைவர் பஸ்ஸை நிறுத்திவிட்டார். மறுபடியும் தட்டினேன். பால் வெளியே வந்தது. குழந்தை வீறிட்டு அழுதது.

சிதம்பரத்தில் தாயையும் குழந்தையையும் அதே மருத்துவமனையில் சேர்த்துவிட்டுக் கணவரை அழைத்து, நடந்ததைச் சொன்னேன்.

"மச்சான், நான் இங்கயே சேர்றேன்."

அவர் கேட்டார்: "பயமா இல்லயா?"

"ரொம்ப இருக்கு."

"சரி, சேந்துடு. பாத்துக்கலாம்" என்றார்.

இன்றும் ஒப்பந்தம் புதுப்பிக்கும் மாதம் வந்தால் எனக்குத் தூக்கம் வருவதில்லை. தவறு செய்துவிட்டேனோ என்று தோன்றும். காலையில் கை கழுவிவிட்டு முதல் குழந்தையின் அருகே குனியும்போது, அந்த எண்ணம் எங்கோ போய்விடுகிறது.