சிலிபினில் என்னை வெளியே உட்கார வைத்த டாக்டர்

காலை ஏழு மணிக்குத் தெலுக் இந்தானிலிருந்து புறப்பட்டோம். ஈப்போ எண்பது கிலோமீட்டருக்குச் சற்று மேல். மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்ட நான் இன்று எண்ணெய்ச் செம்பனைக் குலை ஏற்றும் ஆறு லோரிகளுக்கு முதலாளி. இந்தச் சாலையின் ஒவ்வொரு குழியும் என் டயர்களுக்குத் தெரியும். அன்று என் சொந்தக் காரில் போனோம். பக்கத்தில் என் பேரன் கவின், பதின்மூன்று வயது. கொளுத்தும் வெயிலிலும் கழுத்துவரை ஜிப் இழுத்த ஜாக்கெட்.

பயணத்துக்குக் காரணமே அந்த ஜாக்கெட்தான். ஒரு மாதமாக அதைக் கழற்றவில்லை. விளையாட்டுப் பாடம் உள்ள நாளெல்லாம் வயிற்றுவலி என்று பள்ளிக்குப் போகவில்லை. நான் கண்டுபிடித்துவிட்டேன்: குண்டர் கும்பலில் சேர்ந்து நெஞ்சில் பச்சை குத்தியிருக்கிறான். என் மகன் நம்பவில்லை. டாக்டர் இவன் சட்டையைக் கழற்றிப் பார்த்துச் சொல்லட்டும். பச்சை இருந்தால் அடுத்த வாரமே இவனுக்கு ஜொகூரில் ஹாஸ்டல் என்று முடிவு கட்டிவிட்டேன்.

ஏழரைக்கு லங்காப். நுரை பொங்க இழுத்து ஆற்றிய தேநீர், தே தாரிக், இரண்டு வெள்ளி. கடைக்காரர் பையனைப் பார்த்தார்.

"என்ன தம்பி, ஜாக்கெட்டெல்லாம் போட்டுக்கிட்டு கேமரன் மலைக் குளிருக்கா போறீங்க?"

கவின் கிளாஸையே பார்த்துக்கொண்டிருந்தான்.

கம்பார் தாண்டி, கோப்பெங் தாண்டி, ஒன்பது மணிக்கு ஈப்போவின் சிலிபின் பகுதி. கிளினிக்கில் டாக்டர் நம் தமிழ்ப் பெண்தான், சின்ன வயது. விஷயத்தைச் சொன்னேன். கேட்டுவிட்டு, "ஐயா, கொஞ்சம் வெளிய உட்காருங்க" என்றார்.

"காசு கட்டுறது நான்தானே லா?"

"கட்டுங்க ஐயா. ஆனா உடம்பு அவனோடது. நர்ஸ் கூட இருப்பாங்க. அவன் பேசறதுல எத உங்ககிட்ட சொல்லலாம்னு அவன்தான் சொல்லணும். ஆபத்தான விஷயம்னா மட்டும் மறைக்க மாட்டேன், அதையும் அவன்கிட்ட முன்னாடியே சொல்லிடுவேன்."

வங்கி மேனேஜரே எழுந்து நின்று கைகொடுக்கும் ஆள் நான். பிளாஸ்டிக் நாற்காலியில் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். சொந்தத் தாத்தாவுக்குத் தெரியக்கூடாத உடம்பு எது? எனக்கு விளங்கவில்லை.

கூப்பிட்டபோது பையன் முகம் கழுவியிருந்தான். டாக்டர் அவனைப் பார்த்தார். அவன் தலையசைத்த பிறகே பேசினார்.

"பச்சையும் இல்ல, ஒண்ணும் இல்ல. வயசுக்கு வர்ற பசங்க நெறைய பேருக்கு மாரு லேசா வீங்கும், தொட்டா வலிக்கும். பெரும்பாலும் தானா அடங்கிடும். ஆறு மாசம் கழிச்சு மறுபடி பாக்கலாம். பொம்பளையா மாறிடுவோம்னு பயந்திருக்கான். பசங்க பாத்துட்டா சிரிப்பாங்கன்னுதான் ஜாக்கெட்."

இவன் அக்கா பெரியவளானபோது மண்டபம் எடுத்து, அறுநூறு பேருக்குச் சோறு போட்டு, சாலை முனையில் பேனர் கட்டியவன் நான். பையனும் வயசுக்கு வருவான் என்று யாரும் அவனிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஊருக்கே சொல்வது சரியா, யாருக்கும் சொல்லாதது சரியா? இரண்டையும் செய்த வீடு எங்களுடையது.

திரும்பும் வழியில் கேட்டேன்: "வீட்டுல வாயே தொறக்காத ஆளு, அந்த டாக்டரம்மாகிட்ட எப்படிடா சொன்ன?"

"நான் சொல்லல தாத்தா. நெறைய பசங்க கேக்கற கேள்வி இருக்கு, ஒண்ணொண்ணா சொல்றேன், உன்னோடது வந்தா தலையாட்டுன்னாங்க. நாலாவதுல ஆட்டிட்டேன்."

கம்பாரை நெருங்கும்போது அவனே கேட்டான். "உங்களுக்கும் இருந்துச்சா?"

அங்கே இப்போது சாலையின் இருபுறமும் செம்பனை. என் காலத்தில் ரப்பர். அவன் வயதில் நான் அந்தத் தோட்டத்து ஸ்டோரில், ரப்பர் பால் உறைய ஆசிட் கலக்கும் வேலையில் இருந்தேன். நெஞ்சு வீங்கி வலித்தது. ஆசிட் புகைதான் காரணம் என்று நினைத்து, துண்டை இறுக்கிக் கட்டி, மேலே இரண்டு சட்டை போட்டுக்கொண்டு திரிந்தேன். எப்போது அடங்கியது என்றும் நினைவில்லை. ஆசிட்தான் என்று அன்று காலைவரை நம்பியிருந்தேன்.

"இருந்துச்சு" என்றேன்.

"யாருகிட்ட கேட்டீங்க?"

"கேக்கல."

எதற்கும் பதில் வைத்திருப்பவன் என்று ஊரில் பெயர் எனக்கு.

லங்காப்பில் மறுபடி நிறுத்தினோம். ஜாக்கெட்டைக் கழற்றுவான் என்று நினைத்தேன், கழற்றவில்லை. கடைக்காரர் வாயைத் திறப்பதற்குள், "அவனுக்குக் குளிருது, நீ தேத்தண்ணியக் கலக்குப்பா" என்றேன். காருக்குத் திரும்பியதும் ஏர்கோன் குளிரை நன்றாகக் கூட்டி வைத்தேன்.